தமுக்குச் சத்தம் கேட்டால் ஓடைக்கு

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் மாதையன் தெருவுக்குள் நுழைந்தாலே கதவுகள் சாத்திக்கொள்ளும். மனிதர் பரம சாது. அவர் தோளில் தொங்கிய தமுக்குதான் சனங்களுக்கு ஆகாது. அம்மை குத்த வருகிறார்கள், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், வரியைக் கட்டுங்கள் என்று சொல்லத்தானே அது ஒலித்தது. உத்தரவு போட்டவர்களை விட்டுவிட்டு, அதைச் சொல்ல வந்தவரை ஒதுக்கிவைப்பதில் எங்கள் ஊர் படு கெட்டி.

பெண்டாட்டி செத்த பிறகு மாதையனோடு நின்று பேசிய ஒரே ஆள் காசியம்மாள். ஓடைக்கரையில் தனியாகக் குடியிருந்த விதவை. அந்தப் பக்கம் போனால் ஒரு சொம்பு கூழ் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். அதற்காகவே அவர் சுற்றுவழியில் போவார்.

உலகச் சண்டைக் காலத்தில், விளைந்த தானியத்தில் சர்க்காருக்குப் பங்கு அளக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதையும் மாதையன்தான் தமுக்கடித்துச் சொன்னார். பின்னாலேயே சிப்பந்திகள் வந்து கேழ்வரகுக் குழிகளைக்கூடக் கிளறிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து தமுக்குச் சத்தம் கேட்டால் என்ன சேதி என்று கேட்க யாரும் நிற்பதில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி நாணல் புதரில் பதுங்கிவிடுவார்கள். எங்களுக்கு அது ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது.

ஓர் ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. மழை சற்று ஓய்ந்திருந்த மத்தியானம், மேற்கே பெரிய ஏரியின் கரை தாங்காது, ஓடைப் பக்கம் ஒருவரும் போகக்கூடாது என்று ஊருக்குச் சொல்லும்படி கிராம முனிசீப் மாதையனை அனுப்பினார். அவர் தமுக்கை அடித்தார். ஊர் மூட்டையோடு ஓடைக்கு ஓடியது. தடுப்பதாக நினைத்து இன்னும் ஓங்கி அடித்தார். சனங்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. தமுக்கை வேலியில் வீசிவிட்டு வெறுங்கையோடு ஓடிக் கத்தினார். ஒவ்வொருவராக மேலே ஏறி வந்தார்கள். காசியம்மாள் மட்டும் வரவில்லை. அவள் வீடு திறந்து கிடந்தது, உள்ளே மூட்டையைக் காணோம். மாதையன் கரையில் நின்று கூப்பிட்டார்.

"அக்கா, தானியத்துக்கு வரலீங்க. ஏரி ஒடையப் போவுது. மேல வந்துருங்க."

நாணலுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"மாதையா, உன்னக் கும்புடறேன். நான் இங்க இருக்கறத அவங்ககிட்டச் சொல்லிப்புடாத."

"கூட யாருமே இல்லீங்கக்கா. நான் மட்டுந்தான்."

நாணல் இன்னும் உள்ளே தள்ளி அசைந்தது. அவர் தண்ணீரில் இறங்கினார். பாதி தூரம் போவதற்குள் ஏரி உடைந்து செம்மண் வெள்ளம் சுவராகப் புரண்டு வந்து அவரைக் கரையில் அடித்துப் போட்டது. மறுநாள் கீழூரில் காசியம்மாள் பிணமாகக் கிடைத்தாள்.

மாதையன் அதற்குப் பின் தமுக்கைத் தொடவில்லை. ஆனாலும் எங்களில் யாரும் அவரிடம் போய்ப் பேசவில்லை. ஊரே தன்னைக் கண்டு ஒளிந்தது அவருக்குப் பழகிப்போயிருந்தது. காசியம்மாளும் தன்னை நம்பவில்லை என்பதுதான் சாகும்வரை அவருக்கு ஆறவே இல்லை.