இரண்டாம் அளவு

டேப் அக்காவின் கழுத்தில் அளவு டேப் தொங்காமல் பார்த்தவர்கள் யாருமில்லை. தூங்கும்போதும் தொங்கும் என்பார் அவள் கணவர். அவர் சொல்வதில் பாதியைக் கழித்துவிடுங்கள். நான் சொல்வதில் கால்வாசியைக் கழித்தால் போதும்.

ஒருமுறை பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த ஆளைக் கண்ணாலேயே அளந்துகொண்டு வந்து ஒரு சட்டை தைத்துவிட்டாள். அடுத்த வாரம் அதே பஸ்ஸில் அவரிடம் கொடுத்தாளாம். தோளும் கையும் கச்சிதம், வயிற்றுப் பக்கம் மட்டும் கொஞ்சம் தாராளம். "நடுவுல ஒரு விருந்து இருக்கும்னு நெனச்சேன்" என்றாளாம். இருந்திருக்கிறது.

அவள் பிழைப்பு சட்டை இல்லை. குளிர்பதனக் கிடங்குகளிலும் மீனை உறைய வைக்கும் கப்பல்களிலும் வேலை செய்கிறவர்களுக்குப் பஞ்சு வைத்த முழு உடை தைப்பாள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டு, முன்னால் ஜிப். ரெடிமேட் வாங்கினால் மணிக்கட்டில் ஒரு விரல் இடைவெளி விழும். குளிருக்கு அந்த ஒரு விரல் போதும், உள்ளே வந்து குடித்தனமே நடத்தும். அதனால் ஊர் ஊராக ஆன்லைனில் அவளைத் தேடி வந்தார்கள். வெட்டுவதும் தைப்பதும் அவள். பொட்டலம் கட்டுவது, ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் போடுவது, நடுநடுவே குறை சொல்வது ஆகிய மூன்று இலாகாவும் கணவருக்கு.

பஞ்சு வைத்துத் தைத்ததைப் பிறகு பிரித்து நீட்ட முடியாது. அதற்காக அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஆர்டர் கொடுக்கும்போது ஓர் அளவு வாங்குவாள். வரிசை வந்து, துணி மேஜைமேல் ஏறும்போது மறுபடியும் ஓர் அளவு கேட்பாள். நடுவில் நாலைந்து மாதம் ஓடிப்போயிருக்கும். மனுஷர்கள் தங்களைத் தாங்களே அளந்துகொள்ளும்போது மூச்சை இழுத்துப் பிடித்துப் பொய் சொல்வார்கள் என்பது அவள் கண்ட உண்மை. இரண்டு தரம் கேட்டால் பொய் தடுமாறும்.

அப்படித்தான் 'பனிக்கரடி' வந்தது. கணக்கில் போட்டிருந்த பெயர் அது. பெண்களுக்கான உடை, வயது இருபத்தொன்று, 'நான் பதினெட்டு நிரம்பியவர்' என்ற கட்டத்தில் டிக். வீட்டு முகவரி கிடையாது, பக்கத்து ஊரில் பார்சல் வாங்கி வைக்கும் ஒரு செல்போன் கடையின் முகவரிதான். வரிசை வந்ததும் அக்கா இரண்டாம் அளவைக் கேட்டாள். வந்தது. கூடவே ஒரு வரி: "வெள்ளிக்கிழமை கப்பல் ஏறணும், அதுக்குள்ள கிடைக்குமா?"

அக்கா இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, இங்க வாங்க."

"பசிக்குதுன்னு சொன்னது காதுல விழுந்துதா?"

"இடுப்பு அப்படியே இருக்கு. கை நீண்டிருக்கு. கால் நீண்டிருக்கு. தோள்கூட."

"தப்பா அளந்திருப்பாங்க."

"தப்பா அளந்தா ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும். எல்லா எலும்பும் சேர்ந்து கூடினா அது தப்பு இல்லீங்க, வளர்த்தி. இது குழந்தை."

அவருக்குப் பசி போய்விட்டது.

இங்கேதான் அக்கா, அளவில் புலியானவள், பதற்றத்தில் எலி மாதிரி நடந்துகொண்டாள். யோசிக்காமல் செய்தி அனுப்பினாள்: "கண்ணு, உண்மையைச் சொல்லு, உனக்கு என்ன வயசு?"

பிறகு பதில் வந்தது: "ஆர்டரை ரத்து பண்ணிடுங்க. வேற கடையில வாங்கிக்கறேன்."

போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது.

கணவரின் தம்பி வக்கீல். அவனைக் கூப்பிட்டார்கள்.

"அண்ணி, சட்டப்படி உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. பதினெட்டு முடியாத பிள்ளையோட போட்ட வியாபாரம் தண்ணியில எழுதின எழுத்து. அந்தப் பிள்ளையை அது கட்டாது. காசைத் திருப்பிப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க."

"நான் தூங்கிடுவேன். அவ கப்பல்ல ஏறிடுவாளே! போலீஸ்ல சொன்னா?"

"பேரு என்ன?"

"பனிக்கரடி."

"ஊரு?"

"தெரியாது. பார்சல் வாங்கற கடை முகவரிதான் இருக்கு."

"பனிக்கரடியைக் காணோம்னு புகார் கொடுத்தா மிருகக்காட்சி சாலைக்குப் போகச் சொல்வாங்க, அண்ணி. அவளை நேர்ல பார்த்தாத்தான் எதுவும் நடக்கும்."

அக்கா டேப்பின் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். காசைத் திருப்பினால் கணக்கு முடிந்தது. கையிலிருக்கும் ஒரே நூலும் அறுந்தது. வேறு கடையில் தொளதொளவென்று எதையோ மாட்டிக்கொண்டு அந்தப் பெண் கடலுக்குப் போய்விடுவாள். அங்கிருந்து எந்தப் பார்சலும் திரும்பி வராது.

"ஏம்ப்பா, அந்த எழுத்து தண்ணியிலதானே? அதுமேல நான் ஒரு பொய் சொன்னா அதுவும் தண்ணியோட போயிடும்தானே?"

"நான் வக்கீல், அண்ணி. இது என் காதுல விழல."

அக்கா செய்தி அனுப்பினாள்: "மன்னிச்சுக்கோங்க, வயசு சும்மா கேட்டது. உடை தைச்சு முடிஞ்சாச்சு, இனி ரத்து செய்ய முடியாது. வெள்ளி மதியம் செல்போன் கடைக்கு நானே கொண்டு வரேன். போட்டுப் பார்த்துத்தான் கொடுப்பேன், அது எங்க கடை வழக்கம்."

அப்போது ஊசியில் நூல்கூடக் கோத்திருக்கவில்லை.

"பொட்டலத்துல பழைய போர்வையை வெச்சுக் கட்டிடவா?" என்றார் கணவர்.

"நான் பொய் சொல்லலாம். என் தையல் பொய் சொல்லக் கூடாது."

உட்கார்ந்து தைத்தாள். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய், இது முதல் அளவு! கை குட்டையாப் போகும்" என்று பதறினார்.

"போகட்டும்" என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

வெள்ளி மதியம்வரை பதில் இல்லை. செல்போன் கடை ஒரு சந்துமுனையில் இருந்தது. கணவர் அக்காவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் குடல் பிரிந்த போன்கள். பின்னால் அட்டைப் பெட்டிகள் அடைத்த ஓர் அறை. கடைக்காரர் ஸ்டூல் ஒன்றைத் தள்ளிக் கொடுத்தார். அக்கா உட்காரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். ஒருவர் சார்ஜர் வாங்கிக்கொண்டு போனார். ஒரு மூதாட்டி, பேரன் போனில் பேசவே மாட்டேன் என்கிறான், போனைச் சரிபண்ணு என்று சண்டை போட்டுவிட்டுப் போனாள். பிறகு வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பின் கதவு திறந்தது.

இறங்கியவளுக்கு உதட்டில் சாயம், குதிகால் உயர்ந்த செருப்பு. அந்தச் செருப்பில் நடக்கத் தெரியவில்லை.

"பார்சல்" என்றாள். கண் காரின்மேலேயே இருந்தது. "சீக்கிரம் குடுங்க, வெளியில ஏஜென்ட் காத்திருக்கார்."

"ஒரே நிமிஷம், உள்ள வாம்மா."

பின்னறையில் அவளுக்கு உடையை மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள் அக்கா. பெண் கைகளை நீட்டிப் பார்த்தாள். இரண்டு மணிக்கட்டும் வெளியே நின்றன, கிளையில் காய் தொங்குகிற மாதிரி.

"கை குட்டையா இருக்கே."

"நீ முதல்ல அனுப்பின அளவுக்கு அச்சு மாதிரி இருக்கு."

"அப்ப தப்பா அளந்துட்டேனா?"

"சரியாத்தான் அளந்தே. அளந்த ஆளுதான் மாறிட்டா." அக்கா டேப்பை அவள் கையோரம் பிடித்துக் காட்டினாள். "எத்தனை வருஷ வேலை?"

"ரெண்டு."

"இன்னொரு உடை தைச்சாலும் அதுக்குள்ள நீ அதையும் தாண்டிடுவே. குளிர் முதல்ல கடிக்கிற இடம் இது. கண்ணு, உனக்கு என்ன வயசு?"

பெண் கைத்துணியை இழுத்து மணிக்கட்டை மூடப் பார்த்தாள். "பதினஞ்சு."

"போக இஷ்டமா?"

இல்லை என்று தலையாட்டினாள். "ஆனா கையெழுத்து போட்டுட்டேன். வரலேன்னா அப்பாவைப் பிடிச்சு உள்ள வெச்சுடுவோம்னு சொல்றாங்க. அப்பா விழுந்து இடுப்பு உடைஞ்சு படுத்திருக்கார். நான் பரீட்சைக்குப் போயிருக்கேன்னு நெனச்சிட்டிருக்கார்."

"அந்தக் கையெழுத்து உன்னைக் கட்டாது, கண்ணு. உனக்கு—"

ஹார்ன் அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு கார்க் கதவு சாத்தும் சத்தம்.

ஏஜென்ட் உள்ளே வந்தார். வாசனைத் தைலம் அவருக்கு முன்னால் வந்துவிட்டது. "என்னம்மா இது, ஒரு சட்டை போட ஒரு யுகமா? வா."

அவர் கை பெண்ணின் தோளைப் பற்றியது. பஞ்சு அமுங்கியது. அக்கா நடுவில் புகுந்து நின்றாள். கழுத்து டேப் ஊசலாடியது.

"பிள்ளை வரமாட்டா, சார்."

"நீ யாரு?"

"இவகிட்ட ஏமாந்து வித்தவ. இவளுக்குப் பதினெட்டு ஆகல, என் வியாபாரம் செல்லாதுன்னு எங்க வக்கீல் சொல்லிட்டார். ஒரு கோட்டு விக்கிறதே செல்லாதுன்னா, ஆளையே கப்பலேத்தற உங்க கான்ட்ராக்ட் எப்படி சார் செல்லும்?" பக்கத்து அட்டைப் பெட்டிமேலிருந்த ஒரு போனை எடுத்து நீட்டினாள். "லைன்லதான் இருக்கார். பேசுறீங்களா?"

அந்தப் போனுக்குள் பேட்டரி இல்லை. கதவோரம் நின்ற கடைக்காரர் விட்டத்தைப் பார்த்தார். ஏஜென்ட் போனைப் பார்த்தார்; கை நீட்டவில்லை. பெண்ணின் தோளையும் விடவில்லை.

"ஏய், நீ வர்றியா, உங்கப்பனை நான் பார்க்கட்டுமா?"

பெண் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டினாள். சொன்னாளே பாருங்கள், அந்தச் சின்னக் குரலில்: "எனக்குப் பதினஞ்சு வயசு. என் கையெழுத்து செல்லாது."

அக்காவின் டேப் அந்த நொடியில் ஆடாமல் நின்றது. ஏஜென்டை உச்சி முதல் பாதம்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"கழுத்து பதினாறரை. இடது தோள் அரை அங்குலம் இறக்கம். வலது கால் கொஞ்சம் நீளம், அதனால செருப்பு ஒரு பக்கமாத் தேயும். நான் முகத்தை மறந்துடுவேன், சார். அளவை மறக்கவே மாட்டேன்."

அவர் தன்னையறியாமல் செருப்பைப் பார்த்தார். கையை எடுத்தார்.

வெளியே ஓடிப்போய்க் காரில் ஏறினால், கார் நகரவில்லை. முன்சக்கரத்தை ஒட்டி அக்காவின் கணவர் ஸ்கூட்டரை நிறுத்தி, உதைத்துக்கொண்டிருந்தார். "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது சார், வயசாச்சு. எனக்கும் சேர்த்துத்தான்." அவர் சட்டைப் பையிலிருந்த போனில் உண்மையாகவே தம்பி இருந்தான். கார் நம்பரைச் சத்தமாக இரண்டு தரம் படித்துச் சொல்லி முடித்த பிறகுதான் ஸ்கூட்டருக்கு உயிர் வந்தது.

துறைமுகத்துக்கு முன்பாகவே போலீஸார் காரை மடக்கிவிட்டார்கள். ஏஜென்ட் மூன்று பெயர் சொன்னாராம். அக்கா சொன்ன பதினாறரைக் கழுத்தை மட்டும் மாற்ற முடியவில்லையாம். இதில் வேண்டுமானால் உங்கள் கால்வாசியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அன்று கடையில் பெண் முதலில் அப்பாவுக்குப் போன் செய்தாள். அக்கா பக்கத்தில் நின்று, அழ இடம் கொடுத்தாள். பிறகு ஜிப்பை இறக்கப் பார்த்தால் வியர்வையில் சிக்கிக்கொண்டது. மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள்.

"ஆர்டர் என்ன ஆகும், அக்கா?" என்றாள், உடைக்குள்ளிருந்து தலையை நீட்டி.

கணவர் போனை எடுத்து ரத்துப் பக்கத்தைத் திறந்தார். காரணம் கேட்டது. பொருள் பழுது, தாமதம், மனமாற்றம் என்று வரிசையாக இருந்தன. எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் 'மற்றவை' என்பதைத் தொட்டு, எழுத்துக்கூட்டித் தட்டினார்:

'வாங்குபவர் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறார்.'