கேள்வியைத் திருத்துகிறவர்

"சொல்லு, எங்க ஒளிச்சு வெச்சிருக்க?" என்று கணினியை அதட்டியபடியே நூலகர் மதியச் சாப்பாட்டைத் திறக்கிறார். வலது கை டப்பாவில், இடது கை மவுஸில். கொண்டையில் ஒரு பென்சில் எப்போதும் உண்டு. தேடல் சூடுபிடித்தால் இரண்டாவது ஏறும். மூன்றாவது ஏறிவிட்டால் அந்தப் பக்கமே போகக்கூடாது என்பது மருத்துவமனை நர்ஸுகள் அத்தனை பேருக்கும் தெரியும்.

எக்ஸ்ரே அறைக்கும் சலவை அறைக்கும் நடுவில் அவருடைய நூலகம். ஐம்பத்து நான்கு வயதில், மருத்துவ நூலகர்களுக்கான தொடர்கல்வி வகுப்பில் சேர்ந்தார். பன்னிரண்டு வாரம், இணையவழி, மதிய இடைவேளையில். கூடப் படித்தவர்கள் எல்லோருக்கும் அவர் "அக்கா". முதல் தேர்வில் அக்கா வாங்கியது முப்பத்தொன்று. அந்தத் தாளை அச்செடுத்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினார். "கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கட்டும். அப்பத்தான் ரோஷம் வரும்."

"ரிட்டயர் ஆக நாலு வருஷம்தானேம்மா இருக்கு, எதுக்கு இந்தப் பாடு?" என்றாள் மகள்.

"அந்த நாலு வருஷமும் நோயாளிங்க வருவாங்கல்ல?"

ஐந்தாவது வாரப் பாடம்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. கேட்பவர் நீட்டும் கேள்வியை அப்படியே வாங்கிக்கொண்டு தேடாதே, அவருக்கு உண்மையில் என்ன தெரிய வேண்டும் என்று முதலில் கேள் என்றார் ஆசிரியர். அன்றிலிருந்து வீட்டில்கூட யாரும் தப்ப முடியவில்லை. "என் கண்ணாடியப் பாத்தியா?" என்று கணவர் கேட்டால், "படிக்கிறதா, வெளிய போட்டுக்கிறதா? கடைசியா எங்க உக்காந்தீங்க?" என்று தொடங்கிவிடுவார். "கேட்டது என் தப்பு தாயே" என்று அவர் தானே தேடப் போய்விடுவார்.

எட்டாவது வாரம் நரம்பியல் பெரிய டாக்டர் நூலக வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்து உட்காரும் வழக்கம் அவருக்கு இல்லை. "பி-12 ஊசி போட்டும் தேறாத கேஸ் பத்திக் கட்டுரை இருந்தா எடுத்து வைங்க." நோயாளி ஒரு தையற்காரர். கைத்தடியோடு வந்தவர், இப்போது இரண்டு காலும் மரத்துப்போய்ப் படுக்கையில் கிடந்தார். ரத்தமும் குறைந்துகொண்டே போனது.

பழைய நூலகராக இருந்திருந்தால் பத்துப் பக்கம் அச்செடுத்துக் கொடுத்து வேலையை முடித்திருப்பார்.

"ஒரு நிமிஷம் டாக்டர். பி-12 பத்தித் தெரியணுமா, இல்ல அவரு கால் ஏன் மரத்துப்போச்சுன்னு தெரியணுமா?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "ரெண்டாவதுதான்."

"அப்ப பி-12ஐ விட்டுட்டுத் தேடறேன்."

இரண்டு நாள் தேடினார். மரத்துப்போன கால், ரத்தக் குறைவு, இரண்டையும் வைத்துக்கொண்டு வகுப்பில் கற்ற ஒவ்வொரு மாற்றுச் சொல்லையும் போட்டுப் பார்த்தார். ஆயிரத்துச் சொச்சம் கட்டுரைகள் நாற்பதாயின, நாற்பது ஏழாயிற்று. மூன்றாவது பென்சில் ஏறியது. அந்த ஏழும் ஒன்றையே சொல்லின: உடம்பில் செம்புச்சத்து வற்றினால் இப்படி ஆகலாம். துத்தநாகம் மிஞ்சினால் செம்பு வற்றும். சிலருக்கு அந்தத் துத்தநாகம் வந்த வழி, பல்செட் ஒட்டும் பசை.

தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு மாடி ஏறினார். வார்டில் பெரிய டாக்டர் சுற்றி வந்துகொண்டிருந்தார். டாக்டர் நின்றபடியே படித்தார், முதல் பக்கத்துக்குத் திரும்பி இன்னொரு தரம் படித்தார். பிறகு தையற்காரரிடம் குனிந்து, "பல்செட் போட்டிருக்கீங்களா?" என்றார்.

தையற்காரர் பக்கத்து இழுப்பறையைத் திறந்து காட்டினார். "இந்தப் பசை இல்லாம பல்லு நிக்காதுங்க. வாரத்துக்கு மூணு டியூப் ஆவுது."

அன்றே ரத்தம் பரிசோதனைக்குப் போனது. செம்பு இருக்கவேண்டிய இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பசை நின்றது, செம்பு ஏறியது. ஒரு மாதத்தில் ரத்தம் தேறிவிட்டது. கால்கள் நிதானமாகத்தான் வந்தன, ஆனால் வந்தன. சிகிச்சை தொடங்கிய ஒன்பதாவது வாரம் தையற்காரர் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு நூலகத்துக்கே வந்துவிட்டார்.

"கண்டுபிடிச்ச டாக்டரம்மா நீங்கதானா?"

"டாக்டர் இல்லீங்க, நூலகர்."

"புக்கு குடுக்கறவங்களா?"

"தேடிக் குடுக்கறவங்க."

அதற்குள் வகுப்பும் முடிந்திருந்தது. இறுதித் தேர்வில் தொண்ணூற்று நான்கு. இந்தத் தேடலை அவரே வகுப்புக்கு விளக்க வேண்டும் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டார். முடித்ததும் திரை முழுக்க "அக்கா! அக்கா!" என்று ஒரே கைதட்டல். அக்கா சிரித்துவிட்டு, "அந்த ஆறு மார்க்கு எங்க போச்சு சார்?" என்றார்.

பெரிய டாக்டர் மறுபடி வாசலுக்கு வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். "திங்கக்கிழமை எட்டு மணி கேஸ் மீட்டிங்குக்கு நீங்களும் வந்துடுங்க. நாங்க கேள்வியத் தப்பாப் போட்டா யாராவது சொல்லணும்ல."

திங்களன்று எட்டுக்கு ஐந்து நிமிடம் முன்பே போய்விட்டார். நீண்ட மேசையைச் சுற்றி டாக்டர்கள். அவருக்கென்று ஒரு நாற்காலி, கதவோரம், சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. அதை ஒரு கணம் பார்த்தார். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், இரண்டு டாக்டர்களுக்கு நடுவில் மேசையோடு சேர்த்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டைப் பிரித்தார்.