ஆதிராஜ் நயினார் வீட்டு விதைமூட்டைகள்

ஹோர்டிங் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டு ஆதிராஜ் நயினார் எங்கள் வக்கீல் ஆபீசுக்கு வந்தது எமர்ஜென்சி வந்த புதிதில். நான் அங்கே குமாஸ்தா. திருவண்ணாமலை கோர்ட்டில் அப்போது அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது.

"பதுக்கல்ங்க. விலை ஏறட்டும்னு தேவைக்கு ஜாஸ்தியா சேத்து ஒளிச்சு வெக்கறது," என்றேன்.

"நான் ஒளிக்கலைங்களே. மூட்டையெல்லாம் கூடத்துலதான அடுக்கியிருந்தது. தெருவுல போறவங்களுக்கே தெரியும்."

"சோதனைக்கு வந்தவரு யாருதுன்னு கேட்டதுக்கு என்ன சொன்னீங்க?"

"என் பொறுப்புன்னு சொன்னேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு மனிதரா?

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம் அவருக்கு. ஜைனர். இதற்கு மேல் பொருள் சேர்ப்பதில்லை என்று ஜினாலயத்தில் விரதம் எடுத்தவர். அதனால்தான் ஊர்க்காரர்கள் விதைக்கு எடுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, தை மாதத்தில் அவர் வீட்டில் கொண்டுவந்து போடுவார்கள். தங்கள் வீட்டில் இருந்தால் பசிக்கு வறுத்துத் தின்பார்கள், முடை வந்தால் விற்பார்கள். நயினார் வீட்டில் ஒரு காய் குறையாது. ஆடி மழை விழுந்ததும் வந்து எடுத்துப்போவார்கள்.

அடைக்கலமாக வந்ததை "இது அவனுடையது" என்று கைகாட்டுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. திருப்பிக் கொடுக்கிற வரை வாங்கி வைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். சோதனைக்கு வந்த அதிகாரிக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது. அத்தனை மூட்டையையும் அள்ளிக்கொண்டுபோய் சீல் வைத்துவிட்டார்.

"கேஸு எப்படியோ போவட்டுங்க. ஆடி பொறந்துடுச்சு. விதைய மட்டும் மீட்டுக் குடுங்க. என்னை நம்பி வெச்சவங்க," என்றார் நயினார்.

மூட்டைக்குச் சொந்தக்காரர்கள் வந்து சொன்னால் போதும் என்றார் எங்கள் வக்கீல். நானே ஊருக்குப் போனேன். முதலில் இருசப்பனைப் பார்த்தேன். மூட்டைகளில் பாதி அவனுடையது.

"நமக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாம் நயினாரு வெச்சிருந்ததுதான்," என்றான், மாட்டைப் பார்த்துக்கொண்டு.

உண்ணாமலை என்ற விதவை வாயைத் திறக்கவே இல்லை. மற்றவர்களும் அப்படித்தான். என்னுடையது என்றால் தங்களையும் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயம். பயம் எனக்கும் புரியும். ஆனால் வயிறு எரிந்ததே, அதை என்ன செய்வது.

அந்த ஆடியில் மழையும் நன்றாகவே பெய்தது. விதைக்கத்தான் விதை இல்லை.

எமர்ஜென்சி போன பிறகு கேஸ் தள்ளுபடி ஆனது. மூட்டைகளைப் பிரித்தால் உள்ளே பூஞ்சணமும் புழுவும். நயினார் நிலத்தை விற்றார். புது விதை வாங்கி அவரவருக்கு அளந்து கொடுத்தார். முதல் ஆளாக வந்து நின்றவன் இருசப்பன். வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள், பாவிகள். அதன் பிறகு ஒருவரும் அவரிடம் விதை கொண்டுவரவில்லை. பதுக்கல் கேஸில் மாட்டிய வீடாம்.

அந்தப் பக்கம் போனால் அவரைப் பார்க்காமல் வரமாட்டேன். ஒருமுறை அவர் மனைவி குணமதி அம்மாள் என்னிடம் சொன்னார்: "நிலம் போனதுக்கு இவரு கலங்கலைங்க. வருசா வருசம் தை பொறந்தா கூடத்த மெழுகி வெச்சுட்டு வாசலப் பாத்துனு ஒக்காந்திருக்காரு. அதத்தான் என்னால பாக்க முடியல."

எண்பத்திரண்டு தை மாதம். நான் போயிருந்த நேரத்தில் உண்ணாமலை தலையில் ஒரு மூட்டையோடு வந்தாள்.

"நயினாரே, ஆடி வரைக்கும் இத வெச்சிருங்க. வூட்ல இருந்தா எம் பசங்க வித்துடுவானுங்க."

நயினார் விருட்டென்று எழுந்தார். மூட்டையை இறக்கக் கை கொடுத்தார். குணமதி அம்மாள் உள்ளிருந்து ஓடிவந்தார். எனக்கும் மனசு குளிர்ந்துபோயிற்று. மூட்டையைப் பிடித்த நயினார் கை அப்படியே நின்றது.

"வேணாம்மா. எடுத்துனு போயிடு," என்றார்.

"ஏங்க?"

"என் வீட்ல இருந்தா, நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா இது உன்னுதுன்னு உன்னால சொல்ல முடியாது."

உண்ணாமலை தலைகுனிந்தாள். மூட்டையைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனாள்.

"இதுக்குத்தான இத்தனை வருசமா காத்துனு இருந்தீங்க," என்று கத்தினேன்.

பங்குனியிலேயே அவள் பிள்ளைகள் அந்த மூட்டையைக் கொண்டுபோய் மண்டியில் போட்டுவிட்டார்கள். ஆடியில் அவள் நிலம் தரிசாகக் கிடந்தது. அடுத்த தையில் நயினார் கூடத்தை மெழுகவில்லை.