டிஸ்ஸியும் எங்கள் மண்மேடும்

போன வாரம் ஹட்டன் பக்கம் விடாத மழை. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு விழுந்திருப்பதைக் காலையில் முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு லெட்சுமிதான். அவ்வளவுதான் – லயமே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டது. மழை பெய்தால் மூட்டை கட்டிப் பள்ளிக்கூடத்தில் போய் ஒதுங்குவது எங்களுக்குப் புதுசா என்ன? எழுதவே அலுப்பாக இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்து உதவி மேனேஜர், அதாவது எங்கள் சின்னதொரை, குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். பிறகு போனில் யாரிடமோ, "எல்லாரும் டிஸ்ஸியில் இருக்கிறார்கள்" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். போய்விட்டார்.

"டீச்சர், தொரை என்னாங்க சொன்னாரு? பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்றாரா?"

லெட்சுமிக்கு அது தெரிந்தாக வேண்டும். மாமியார் படுத்த படுக்கை. போன மழைக்குத் தூக்கிப் போனதில் கிழவிக்குச் சளி கட்டி, பிழைத்ததே பெரிய பாடு. அன்றைக்கு மண்ணும் சரியவில்லை.

டிஸ்ஸி என்றால் பதற்றம்தான். ஆனால் செல்லமான பதற்றம்... விருந்தாளி வாசலில் நிற்கும்போது கேக் கருகிப்போனால் வருமே, அது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பிறகு சொல்லிச் சிரிக்கலாம். அற்ப விஷயத்துக்குப் படபடப்பவர்களைச் சொல்லும் வார்த்தை. வீட்டுக்குப் பின்னால் மலை பிளந்து நிற்பது அற்ப விஷயமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாம சும்மா பதறுறோமாம், லெட்சுமி."

"அவரு பங்களாவுக்குப் பின்னால வெடிக்கட்டும் டீச்சர், அப்பத் தெரியும்!"

மாமியாரைக் கம்பளியில் சுற்றினார். நாலு பேர் சேர்ந்து கட்டிலோடு தூக்கினோம். வழியெல்லாம் கிழவி எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் மேடு சரிந்தது. லெட்சுமியின் அடுப்படி முழுக்க மண்ணுக்குள். நல்லவேளை, லயத்தில் ஒருவரும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் லெட்சுமியிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அழவில்லை, கத்தவில்லை. மாமியாருக்குத் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "மழை விட்டா, மறுபடி அங்கதானே டீச்சர் போகணும்?"

ஆமாம் என்றேன். வேறு எங்கே போவது?

இந்த அலுப்புக்கும் இங்கிலீஷில் ஒரு செல்லப்பெயர் இருக்குமோ? தெரிந்தவர்கள் சின்னதொரைக்குச் சொல்லி அனுப்புங்கள்.