"ரெண்டு வருஷமா மெலிஞ்சுக்கிட்டே வாரா"

ஹைதராபாத்தில் மெட்ரோ ரயிலுக்காகச் சாலைகளின் நடுவே தூண்கள் எழும்பத் தொடங்கியிருந்த காலம் அது. நாங்கள் மல்காஜ்கிரியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். எனக்கு மருந்துக் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரே மகள். படிப்பு முடிந்து, கச்சிபௌலியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே நகரம்தான். ஆனாலும் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குத் தினமும் வந்துபோக முடியாது என்று அங்கேயே பெண்கள் ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை மாலை வருவாள். திங்கட்கிழமை காலையில் நாங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் கிளம்பிவிடுவாள்.

என் மனைவிக்கு வாரம் என்பதே வெள்ளிக்கிழமையிலிருந்துதான் தொடங்கும். மகள் படியேறி வரும் சத்தம் கேட்டதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போவாள். அவள் முகத்தைப் பார்த்து முதலில் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"ஏட்டி, என்ன இப்படி மெலிஞ்சு போயிட்ட?"

"அம்மா, நாலு நாள்தானே ஆச்சு! வெயிட் ஏறித்தான் இருக்கு. ஜீன்ஸ் பட்டனே போட முடியல."

"ஆமா, கண்ணாடில பாரு. எலும்புதான் இருக்கு."

எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கொஞ்சம் இப்படித்தான். என் மனைவி கூடுதல். நாலு நாள் பார்க்காமல் இருந்ததை வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியாது. நானும் மகளும் அதைக் கேலி செய்வோம். காதில் வாங்கிக்கொள்ள மாட்டோம்.

அந்த வருடம் கோடையில் மகளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. சதையை எடுத்துப் பரிசோதித்ததில் நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. அன்று நாங்கள் எப்படி வீடு வந்து சேர்ந்தோம் என்று இப்போது யோசித்தாலும் நினைவுக்கு வருவதில்லை. ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். மகள் நடுவில் இருந்தாள். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது.

சிகிச்சைக்காகப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். அங்கிருந்த டாக்டர் தெலுங்குக்காரர். ஆனால் சென்னையில் படித்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசினார். இத்தனை வருடம் அரைகுறைத் தெலுங்கிலேயே கடைக்காரர்களிடமும் டாக்டர்களிடமும் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த என் மனைவிக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்ல முடியாது. எதிரில் உட்கார்ந்து மனதிலிருந்ததையெல்லாம் கொட்டினாள்.

டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். கட்டி எப்போது தெரிந்தது, காய்ச்சல் எத்தனை நாளாக, இரவில் வியர்க்கிறதா. பிறகு, "வெயிட் குறைஞ்சிருக்கா?" என்றார்.

மகள் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "ரெண்டு வருஷமா மெலிஞ்சுக்கிட்டேதான் வாரா டாக்டர். இந்த வேலைல சேர்ந்ததுலேர்ந்து. நானும் சொல்லிச் சொல்லிப் பார்க்கேன், யாரு கேக்கா?"

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அதில் ஒன்றும் தவறாகத் தோன்றவில்லை.

மகளின் கம்பெனியில் கொடுத்திருந்த இன்சூரன்ஸ் முதல் இரண்டு கீமோவிலேயே தீர்ந்துவிட்டது. எங்கள் கையிலிருந்ததும் பரிசோதனைகளிலேயே கரைந்திருந்தது. மிச்சமிருந்த நம்பிக்கை, மகள் பெயரில் நான் தனியாக எடுத்துவைத்திருந்த ஒரு பாலிசி. அதை எடுத்து ஒன்றேகால் வருடம்தான் ஆகியிருந்தது. மூன்றாவது கீமோவுக்கு முன்பு அதில் அனுமதி கேட்டு ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டர் வழியாக அனுப்பினோம். இரண்டு நாளில் பதில் வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

கவுண்டரில் இருந்த பெண் அதை எங்களுக்குப் படித்துக் காட்டினாள். பாலிசி எடுப்பதற்கு முன்பே இந்த நோய் இருந்திருக்கிறது, அதை மறைத்திருக்கிறீர்கள் என்று இருந்தது. எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவள் இன்னும் சில வரிகள் படித்தாள். இரண்டு வருடமாக உடல் எடை குறைந்துவருவதாக நோயாளியின் தாயார் கூறியிருக்கிறார்.

அவள் ஆங்கிலத்தில்தான் படித்தாள். ஆனால் 'மதர்' என்பதும் 'டூ இயர்ஸ்' என்பதும் என் மனைவிக்குப் புரிந்துவிட்டன. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னதையா?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டரிடம் ஓடினேன். நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். "நீங்க சொன்னதை எழுதினேன் சார். இப்போ அதை அடிச்சுட்டு வேற எழுதினா இன்னும் சந்தேகப்படுவாங்க. கட்டி எப்போ வந்ததுன்னு என் கருத்தைத் தனியா எழுதித் தரேன்" என்றார். எழுதியும் கொடுத்தார். அனுப்பினேன். "பரிசீலனையில் உள்ளது" என்றார்கள்.

அந்த நாட்களில் நான் ஃபோனில் பேசியதைப் போல என் வாழ்நாளில் பேசியதில்லை. அலுவலகத்து மாடிப்படியில் நின்றுகொண்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போடுவேன். முதலில் பாட்டு ஓடும். பிறகு ஒரு குரல் வரும். ஒவ்வொரு முறையும் புதுக் குரல். நேற்று பேசியவருக்குத் தெரிந்தது இன்று பேசுபவருக்குத் தெரியாது. பாலிசி எண், மகளின் பிறந்த தேதி, எல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடைசியில், "என்ன நோய் சார்?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் மூவரும் அந்தச் சொல்லை உச்சரித்ததே இல்லை. 'ட்ரீட்மென்ட்' என்போம், 'உடம்புக்கு முடியல' என்போம். முகம் தெரியாத யார் யாரிடமோ அந்தச் சொல்லை நான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கீமோ தேதி நெருங்கியது. அதைத் தள்ளிப்போடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒருநாள் கீழ்வீட்டு உரிமையாளர் என்னைக் கூப்பிட்டு, "யாரோ ஒருத்தர் உங்க பொண்ணைப் பத்தி விசாரிச்சுட்டுப் போனார். மூலையில இருக்கற மருந்துக் கடையிலயும் கேட்டாராம்" என்றார். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மறுநாள் ஃபோன் வந்தது, நேரில் வருகிறேன் என்று.

மகள் தலையில் துணி கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். அம்மாவைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னாள். "அம்மா, அவர் வந்தா நீ கிச்சன்லயே இரு. ஒண்ணும் பேசாத. ப்ளீஸ்."

"சரிட்டி. நான் ஏன் வாரேன்?" என்றாள் மனைவி.

வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். நல்ல பருமன். சட்டைப் பொத்தான்கள் இப்போதோ அப்போதோ தெறித்துவிடும் என்று இழுத்துக்கொண்டிருந்தன. மாடியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், "நீங்க தமிழா? நாங்களும் தமிழ்தான் சார். தாத்தா காலத்துலயே செகந்திராபாத் வந்துட்டோம். இப்போ எங்க தமிழைத் தமிழ்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க" என்றார். சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகளிடம் கேள்விகள் கேட்டார். கட்டி எப்போது தெரிந்தது, முதலில் எந்த டாக்டரிடம் போனாய், முன்பு எப்போதாவது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாயா. அவள் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினார். "எல்லாம் சரி சார். ஆனா வெயிட் விஷயம் அம்மா சொன்னதுன்னு இருக்கு. அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

என்ன சொல்லித் தட்டிக்கழிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி காபி டம்ளரோடு வந்து நின்றாள். வீட்டுக்கு வந்தவரை வெறுமனே அனுப்ப அவளால் எப்படி முடியும்?

"நக்கோ மா, காபி எல்லாம் வேணாம். இன்க்வைரிக்கு வந்த இடத்துல குடிக்கக் கூடாது."

மனைவி டம்ளரை நீட்டியபடியே அவர் முகத்தைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் தடுக்க முடியவில்லை.

"என்ன தம்பி, இப்படி மெலிஞ்சு போயிருக்கிய? வெயில்ல அலைஞ்சு அலைஞ்சு கண்ணெல்லாம் உள்ள போயிட்டு. நேரத்துக்குச் சாப்பிடுததில்லையா?"

அவர் மெல்லக் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"யாரு, நானா மா?"

கட்டிலிலிருந்து மகள் வாய்விட்டுச் சிரித்தாள். நோய் வந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே, "சார், எங்கம்மா எல்லாரையும் இதான் சொல்லுவாங்க. பால்காரரை, பக்கத்து வீட்டு ஆன்ட்டியை. கீழ் வீட்டு நாயைக்கூட விட மாட்டாங்க" என்றாள்.

"அது உண்மையிலேயே மெலிஞ்சுதான் இருக்கு" என்றாள் என் மனைவி. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் அந்தக் காபியை எடுத்துக் குடித்தார். பாதி குடித்தபிறகு மகளிடம், "ஆபீஸ்ல சேரும்போது மெடிக்கல் டெஸ்ட் எடுத்திருப்பாங்களே, இருக்கா?" என்று கேட்டார். அவளிடம் இருந்தது. அந்த வருடம் ஆபீஸில் நடந்த மருத்துவ முகாமில் எடுத்ததும் இருந்தது. இரண்டிலும் எடை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாவதில் கொஞ்சம் கூடவே இருந்தது. இரண்டுக்கும் நகல் வாங்கிக்கொண்டார்.

வழியனுப்பக் கீழே இறங்கினேன். "சார், ஏதாவது..." என்று இழுத்தேன்.

"ரிப்போர்ட்ல என்ன எழுதுவேன்னு நான் சொல்லக் கூடாது" என்றார். ஹெல்மெட்டை மாட்டப்போனவர் மாட்டாமல் நின்றார். "எங்கம்மாவும் இப்படித்தான் சார். நான் இந்த சைஸ்ல இருக்கும்போதும் 'என்னடா காய்ஞ்சு போயிட்டே'ன்னு சொல்லும். அம்மா போயி ரொம்ப வருஷமாச்சு. அப்புறம் யாரும் என்கிட்ட அதைச் சொன்னதில்ல. ஹவ், ஆமா சார், இன்னிக்குத்தான் கேக்கறேன்." வேறெதுவும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேலே வந்தபோது மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். "திரும்பவும் சொல்லிட்டேன்லா?" என்றாள். நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கிறாய் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நான் அவளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்றே நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது கீமோவுக்குக் கட்டில் ஒதுக்கியிருந்த நாள் காலையில் கவுண்டர் பெண் எங்களைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையைத் தூக்கிக் காட்டினாள். அனுமதி வந்திருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காகிதம் கேட்டார்கள், ஏதோ ஒரு விளக்கம் கேட்டார்கள். ஆனால் சிகிச்சை நிற்கவில்லை. தேதி தவறாமல் எல்லாச் சுற்றும் முடிந்தது. மகள் பிழைத்தாள். முடி முதலில் சுருட்டையாக வளர்ந்தது, பிறகு பழையபடி ஆனது. வேலைக்குத் திரும்பினாள். இப்போது பெங்களூரில் இருக்கிறாள். நல்ல சுகம்.

அந்த அதிகாரியை நான் மறுபடி பார்க்கவில்லை. பெயரைக்கூடச் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேனே என்று இருக்கிறது.

ஆனால் என் மனைவி மாறிவிட்டாள். அனுமதி வந்த அந்த வாரமே எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று வாங்கிவரச் சொன்னாள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் கிளம்புவதற்கு முன் மகளை அதில் ஏற்றிப் பார்ப்பாள். டாக்டர், "எப்படி இருக்கா உங்க பொண்ணு?" என்று தமிழில் கேட்பார். இவள் கிலோவையும் கிராமையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் ஏதாவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். "அம்மா ரொம்பக் கரெக்டா சொல்றாங்க" என்று டாக்டர் ஒருமுறை பாராட்டினார். டாக்டரிடம் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்தால்கூட ஒரு நொடி யோசித்துத்தான் பேசுகிறாள்.

போன மாதம் ஃபோனில் எல்லாம் பேசி முடித்தபிறகு மகள், "அப்பா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அவங்க முன்ன மாதிரி 'மெலிஞ்சு போயிட்ட'ன்னு என்னை ஒரு தடவை சும்மா திட்டினா நல்லா இருக்கும்பா. நீங்க சொல்லிப் பாருங்களேன்" என்றாள். சரி என்றேன். இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மகளுக்காகச் செய்வாள்தான். ஆனால் யோசித்து, அளந்து செய்வாள். அதையா எங்கள் மகள் கேட்கிறாள்?

ஃபோனில் கெஞ்சியும், கவுண்டரில் கால்கடுக்க நின்றும், கேட்ட காகிதத்தையே திரும்பத் திரும்பக் கொடுத்தும் வாங்க முடிந்ததையெல்லாம் அந்த மாதங்களில் நான் வாங்கிவிட்டேன். ஆனால் என் மனைவி மறுபடி யோசிக்காமல் பேசுவதை யாரிடம் போய்க் கேட்டு வாங்குவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.