அம்மா கூப்பிடாத பெயர்

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, அதற்கு எங்கள் அப்பாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று அவன் பிடிவாதமாக நின்றான். அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மருமகள் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்துதான் அப்பா போனார். தம்பி அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்துவிட்டான் போலிருக்கிறது. ஆண் பிறந்திருந்தால் ஒரு பேச்சும் வந்திருக்காது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். பிறந்தது பெண்.

“பொண்ணா இருந்தா என்னக்கா? உனக்கு வைக்கலியா?” என்றான் என்னிடம்.

எனக்கு வைத்தார்கள்.

என் பெயர், அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். எங்கள் ஊர் எல்லையில் கையில் ஈட்டியோடு நிற்கிற காவல் தெய்வத்தின் பெயர். நான் பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் தாத்தா இறந்தார். எது பிறந்தாலும் இந்தப் பெயர்தான் என்று அப்பா சொல்லிவிட்டாராம். பம்பாயில், தாராவியில் எங்கள் சந்தில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இரண்டு மூன்று ஆம்பளைகளாவது திரும்பிப் பார்ப்பார்கள். அதை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் ஸ்கூல் பேக் தைக்கிற பட்டறையில் யாராவது படித்துவிட்டு வந்து கேட்பார்கள். அதனால் இதில் யார் பெயரையும் எழுதவில்லை.

தம்பி பெண்டாட்டி செம்பூரில் பிறந்து வளர்ந்தவள். ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அவளும் ஒரு பெயர் தேடி வைத்திருந்தாள். போனில் பார்த்து எடுத்தது. விடிவதற்கு முன்னால் வருகிற வெளிச்சம் என்று அதற்கு அர்த்தமாம். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நாக்கில் நிற்கவில்லை. வேலைக்கு நடந்து போகும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகுவேன். பட்டறை வாசலுக்குப் போவதற்குள் வேறு என்னமோ ஆகியிருக்கும்.

எங்கள் பக்கம் குழந்தையின் காதில் பெயரைச் சொல்கிற உரிமை அத்தைக்கு. மூன்று தடவை சொல்ல வேண்டும். அத்தை என்று இருப்பது நான் ஒருத்திதான். அதனால் இரண்டு பேரும் என்னைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். தம்பி, “நீ காதுல அப்பா பேரச் சொல்லிரு. அதுக்கப்புறம் யாரு மாத்துவா?” என்பான். அவள், “மதினி, ப்ளீஸ், நீங்க பாத்து சொல்லுங்க” என்பாள். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பேசிப் பழக்கமில்லாதவள் நான். இரண்டு பேருக்கும் தலையை ஆட்டி வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வடாலாவில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

“அது பேரா, மாத்திரையா? மெடிக்கல்ல போயிச் சொன்னா பத்து மாத்திரை எடுத்துத் தருவான்,” என்றான் தம்பி.

“உங்க அப்பா பேர வையுங்க. கூடவே மீசையும் வரைஞ்சு விடுங்க,” என்றாள் அவள்.

“எங்க அக்காவுக்கு மீசை இருக்கா?”

அவள் என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். தம்பி பால் வாங்கக் கீழே இறங்கிப் போனான்.

“தப்பா எடுத்துக்காதீங்க மதினி. உங்களுக்கு அந்தப் பேரு கஷ்டமா இருந்ததில்லியா?” என்று கேட்டாள்.

சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சார் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு ஆம்பளப் பிள்ளைகள் வரிசையைப் பார்ப்பார். நான் இந்தப் பக்கத்திலிருந்து “உள்ளேன் ஐயா” என்பேன். வகுப்பே சிரிக்கும். நாளாக ஆக மெதுவாகச் சொன்னேன். அப்புறம் சாருக்கே கேட்கவில்லை, ஆப்சென்ட் போட்டார். கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனபோது அச்சகத்துக்காரர் இரண்டு பெயரையும் பார்த்துவிட்டு, “இதுல பொண்ணு யாரு?” என்று கேட்டார். ரேஷன் கடையில் என்னைப் பார்த்து, “ஆத்மி கோ பேஜோ” என்றார்கள், ஆளை அனுப்பு என்று. ஆளே நான்தான் என்று அவர்களுக்குப் புரியவைக்க ஒரு காலைப்பொழுது போயிற்று.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆபரேஷன் பண்ணிய வயிறு, சிரித்தால் வலிக்கும். நானும் சிரித்தேன்.

“அதெல்லாம் பெருசில்லம்மா. எங்க அம்மா சாகுற வரைக்கும் என்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. அதுதான்,” என்றேன்.

“ஏன்?”

“அது அவ மாமனாரு பேருல்லா.”

புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்லக் கூடாது என்று எங்கள் அம்மா இருந்தாள். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான். அப்பா எனக்கு அந்தப் பெயரை வைத்தபோது, பெற்றவள் கூப்பிட முடியாதே என்று யாரும் யோசிக்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. “ஏட்டி” என்பாள். “மூத்தவளே” என்பாள். கோபம் வந்தால் அதற்கும் “ஏட்டி”தான், சத்தம் மட்டும் கூடும். தம்பி பெயரை மட்டும் ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுவாள்.

சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் கிங்ஸ் சர்க்கிள் கடைத்தெருக் கூட்டத்தில் அம்மா கையை விட்டுவிட்டேன். வாழை இலை வண்டிக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. “ஏட்டி, ஏட்டி” என்று கத்திக்கொண்டே ஓடியிருக்கிறாள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் ஏட்டிதான். கடைசியில் ஒரு தமிழ்ப் பூக்காரரிடம் போய், “எம்பிள்ளையக் காணும், கொஞ்சம் பேரு சொல்லிக் கூப்பிடுங்க” என்றாளாம். என்ன பேரு என்று அவர் கேட்டார். ஊர் எல்லையில் நிற்கிற சாமி, கையில் ஈட்டி, பங்குனியில் கோயில் கொடை என்று அம்மா அடையாளம் சொன்னாள். அவர் ஒவ்வொரு சாமியாகச் சொல்லிப் பார்த்து, ஒருவழியாகப் பிடித்துவிட்டார். “பையனா?” என்று கேட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

எனக்கு அந்தக் குரல் நன்றாக ஞாபகம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு ஆம்பளைக் குரல். அதன் பின்னாலேயே அம்மா ஓடிவந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகில் ஒரு அடி வைத்தாள். அப்போதும் “ஏட்டி” என்றுதான் அழுதாள்.

இதைச் சொல்லி முடித்தபோது தம்பி பெண்டாட்டி சிரிக்கவில்லை. துண்டுக்குள் கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி பால் பாக்கெட்டோடு வந்தான். அவள் அவனிடம், “மாமா பேர என்னால கூப்பிட முடியாதுங்க” என்றாள்.

“நீ என்ன எங்க அம்மா காலத்து ஆளா? ஆபீஸ் போறவ. உனக்கு எதுக்கு அதெல்லாம்?”

“அதெல்லாம் எனக்கு இல்ல. வாய் வரல, அவ்வளவுதான். நான் ஆபீஸ்ல இருந்து வந்தா எனக்கு டீ போட்டுக் குடுத்தவரு அவரு. அவரு பேரச் சொல்லி, இங்க வாடி, மூக்க நோண்டாதன்னு சொல்லச் சொல்றீங்களா?”

“நான் கூப்பிடுதேன். போதுமா?”

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. “ஏல, இப்பக் கூப்பிடு பாப்போம். பிள்ள மண்ணத் திங்குதுன்னு வச்சுக்கோ. பேரச் சொல்லித் திட்டு,” என்றேன்.

அவன் பிள்ளையின் முன்னால் குனிந்தான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. சிரித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி திறந்தான். அப்புறம் பால் பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். கீழே மோனோ ரயில் போய்க்கொண்டிருந்தது.

அவள்தான் எழுந்து பக்கத்தில் போனாள். “ஒர்க்‌ஷாப்ல உங்கள எல்லாரும் எப்படிக் கூப்பிடறாங்க?” என்றாள்.

பம்பாயில் ஆதார், பள்ளிக்கூடம், வேலை எதற்கும் கடைசிப் பெயர் ஒன்று வேண்டும். எங்களுக்குக் கடைசிப் பெயர் கிடையாது என்பதால் அப்பா பெயர்தான் அந்த இடத்தில் உட்காரும். ஒர்க்‌ஷாப்பில் அவன் சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்பா பெயரோடு, இந்தியில் அண்ணனுக்குச் சொல்கிற ஒரு ‘பாய்’ சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

“மாமா பேரு எங்கயும் போகல. வேலையில உங்களுக்கு தினமும் அதுதான். அத பிள்ள தலையில வேற எதுக்கு ஏத்தணும்?” என்றாள்.

“சரி, உன் மாத்திரையவே வை,” என்றான் அவன், ஜன்னலைப் பார்த்தபடி. குரலில் கோபம் இல்லை.

அதனால் பெயர் வைக்கிற அன்றைக்கு அந்த வெளிச்சத்தின் பெயரை நான் நன்றாகப் பழகிக்கொண்டு போனேன். செம்பூரிலிருந்து அவளுடைய அப்பா அம்மா வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தாள். புதுச் சட்டை போட்ட பிள்ளையை என் மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, தம்பி பெண்டாட்டி என் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“மதினி, உங்க பேரச் சொல்லுங்க,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் தலையை ஆட்டினேன். “வேண்டாம்மா. நான் பட்டது போதும்.”

“இந்த பில்டிங்ல அது ஆம்பளப் பேருன்னு யாருக்குத் தெரியும்? இவங்ககிட்ட நேத்து சொன்னேன். பொண்ணுக்கு நல்ல பேரு, இங்க யாருக்கும் இல்லாத பேருன்னு சொன்னாங்க.” மராட்டிக்காரம்மா என்ன பேச்சு என்று புரியாமலேயே என்னைப் பார்த்துச் சிரித்தாள். “எனக்கும் அது ஆம்பளப் பேரு இல்ல மதினி. இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அது உங்க பேரு.”

நான் தம்பியைப் பார்த்தேன். “நம்ம தாத்தா பேருதான,” என்றான். அவன் முகம் தெளிந்திருந்தது. இரண்டு பேரும் முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“நீ கூப்பிடுவியா? நான் உனக்கு மூத்தவல்லா,” என்று அவளிடம் கேட்டேன்.

“நீங்க சரின்னு சொன்னா கூப்பிடுவேன். உங்க முன்னாடியே கூப்பிடுவேன்.”

“அப்ப முதல்ல நீ கூப்பிடு. நான் அதுக்கப்புறம் காதுல சொல்லுதேன்.”

வழக்கம் அப்படி இல்லை. அவளுடைய அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். தம்பி பெண்டாட்டி என் மடியின் மேல் குனிந்து, பிள்ளையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டு, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கொஞ்சம் இழுத்து, கடைசியில் ஒரு ‘டி’ சேர்த்து.

பிள்ளை கொட்டாவி விட்டது. எனக்குக் கண்ணை நீர் மறைத்தது. குனிந்து காதில் சொல்லும்போது முதல் தடவை காற்று மட்டும்தான் வந்தது. “எக்கா, அது ஒரு தடவைன்னு கணக்கில்ல,” என்றான் தம்பி. எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

இப்போது பிள்ளை தவழ்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிறது. பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் தம்பி பெண்டாட்டி எனக்கு போன் பண்ணுவாள். பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று என் பெயரைச் சொல்லி, “அங்க என்னடி பண்ற? துப்பு, துப்புடி” என்று கத்துவாள். நான் சாப்பாட்டில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

“ஐயோ, உங்கள இல்ல மதினி,” என்பாள்.

“இருக்கட்டும்மா. நீ திட்டு,” என்பேன்.