இரவல் கதிரையில் உட்கார்ந்த உத்தியோகத்தர்

எத்தாளையில் எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்கு வெளியாள் வந்தாலும் தெருவே அந்த வீட்டுக்குச் சாமான் சுமக்கும். ஒரு வீட்டுக் கதிரை, மறுவீட்டுக் கண்ணாடிக் கோப்பை, இன்னொரு வீட்டு மின்விசிறி. வந்தவர் போனதும் எல்லாம் வீடு திரும்பிவிடும்.

அந்தப் பெருமைதான் என் மூத்த சகோதரி, ராத்தாவின் குடும்பத்தைக் கவிழ்த்தது.

மச்சான், அதாவது ராத்தாவின் கணவர், வேறொருவரின் வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். இருதயக் குழாயில் அடைப்பு. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தான். ஆனால் வரிசை நீளம். அவ்வளவு நாள் தாங்காது, கடலுக்கும் போகக் கூடாது என்றார் டாக்டர். தனியாரிடம் உடனே செய்ய வேண்டுமென்றால் செலவை ஏற்கும், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்கக் காப்புறுதி வேண்டும். அந்தப் பட்டியலுக்குத்தான் உத்தியோகத்தர் வீடு பார்க்க வந்தார்.

வந்த மனிதரைப் பாயிலா உட்காரவைப்பது? இரண்டு கதிரைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடியவன் நான்தான். மற்ற வீடுகளிலிருந்து இன்னும் நாலு கதிரைகளும் பக்கத்து வீட்டிலிருந்து குளிர்ந்த சோடாவும் வந்தன. அவர் குடித்துவிட்டுக் கேட்டார்: "ஃப்ரிட்ஜ் இருக்கா?"

இரவல் சோடா என்று சொல்ல ராத்தாவுக்கு வெட்கம். "ஓம் சேர்" என்றாள்.

அதையும் எழுதினார். ஆறு கதிரையையும் எழுதினார். மூலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்த மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்தா நீட்டிய ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டை விரித்தும் பார்க்கவில்லை.

பட்டியலில் பெயர் இல்லை. வசதியுள்ள குடும்பமாம். மச்சான் சிரித்தார்: "எந்த அரசாங்கத்தாலயும் என்னயப் பணக்காரனாக்க ஏலாமப் போச்சு. ஆறு கதிர ஆக்கிட்டுதே!"

ராத்தா சிரிக்கவில்லை. "ஏழையெண்டு காட்டவும் படிச்சிருக்கணும்டா தம்பி" என்றாள்.

மேன்முறையீடு செய்தோம். இடம் நிரம்பிவிட்டது, இந்த பட்ஜெட்டில் திட்டத்தை விரித்தால் அடுத்த படியில் உள்ளவர்களையும் சேர்ப்போம் என்றார்கள். ஆகவே பாராளுமன்றத்தில் பட்ஜெட் விவாதம் நடந்த அன்று தேத்தண்ணிக் கடைத் தொலைக்காட்சி முன்னால் நானும் மச்சானும் உட்கார்ந்தோம்.

சும்மா கொடுத்தால் சனம் சோம்பேறியாகும் என்றார் ஒரு எம்பி. சுபஹுத் தொழுகைக்கு முன்னமே இருட்டில் கடலில் இறங்குகிற மனிதர் என் பக்கத்தில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஏழைகளுக்காகப் பேச எழும்பி, தன் தொகுதிப் பாலத்தைப் பற்றியே பேசி முடித்தார். நடுவில் யாரோ பகிடிவிட, சபையே சிரித்தது.

"அவனுகளுக்கு நோய் வருத்தம் வந்தா சிங்கப்பூர் ஆஸ்பத்திரி. நமக்கு வந்தா அல்லாஹ்கிட்ட துஆ" என்று கடைக்கார நானா கோப்பையை அடித்து வைத்தார்.

கடைசியில், அடுத்த வருடம் ஆராய்வார்களாம். யாருடைய அடுத்த வருடம்? ஆராய்கிறவர்களுக்கு அது நிச்சயம் வரும்.

மச்சான் எழும்பினார். "எங்க?" என்றேன்.

"வலையப் பாக்க. நாளைக்குப் போகணும்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டரா வந்து புள்ளயளுக்குச் சோறு போடுவாரு?"

வழியில் மறித்துச் சண்டை பிடித்தேன். மறுநாள் அவருக்குப் பதிலாக நான் வள்ளத்தில் ஏறினேன். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கரை மறையுமுன்பே வாந்தி எடுத்தேன். அவர் கரையில் நின்று, வலையை எப்படிப் பிடிப்பதென்று கை வீசிக் கத்திக்கொண்டிருந்தார். கத்தவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்த மனிதர்.